அதிகம் கேக்காத ஜாஸ் ட்யூன்கள டிஜிட்டல் பியானோல வாசிக்கணும்னா: நம்ம ஜில்லாக்காரங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கன்னியாகுமரி ஜில்லா, தக்கலை பக்கம். சின்ன வயசுல இருந்தே சபையில கீபோர்டு வாசிக்கேன், ஒரு ஒம்பது வருஷமா வீட்ல டிஜிட்டல் பியானோ ஒண்ணு வச்சு ராத்திரி ராத்திரி ஜாஸ் வாசிக்கேன், அதுலயும் எல்லாரும் எடுக்குற ட்யூன விட்டுட்டு யாரும் அவ்வளவா தொடாத பழைய ட்யூன்கள்தான் எனக்கு உயிரு. கொயர்ல உள்ள பசங்க, கல்யாண செட்டுல வாசிக்குற அண்ணன்மார், ரெண்டு மூணு மியூசிக் டீச்சர்மார், எல்லாருமே சுத்தி சுத்தி இதே கேள்விகளத்தான் கேக்காங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வைக்கேன்.

அதிகம் கேக்காத ட்யூன்னா எது அண்ணே?

ஜாஸ்னு சொன்ன உடனே எல்லாரும் "ஆட்டம் லீவ்ஸ்", "டேக் ஃபைவ்"னு ஒரு அம்பது ட்யூனுக்குள்ள சுத்துவாங்க. அதத் தாண்டி ஹெர்பி நிக்கல்ஸ், எல்மோ ஹோப், டாட் டாமரன், சானி கிளார்க், மேரி லூ வில்லியம்ஸ்னு பெரிய கூட்டமே இருக்கு, எல்லாரும் பியானோக்காரங்க, எல்லாரும் சொந்தமா ட்யூன் போட்டவங்க. உதாரணத்துக்கு நிக்கல்ஸ எடுங்க, 1919ல நியூயார்க்ல பிறந்தாரு, 1955லயும் 56லயும் ப்ளூ நோட் கம்பெனிக்கு ட்ரியோவா ரெக்கார்ட் பண்ணினாரு (நம்ம ஜில்லா தமிழ்நாட்டோட சேர்ந்த அதே காலம்), டிரம்ஸ்ல ஆர்ட் பிளேக்கியும் மேக்ஸ் ரோச்சும், இத விட பெரிய ஆளுங்க கிடையாது. அப்படி இருந்தும் வயித்துப் பாட்டுக்கு தனக்குப் பிடிக்காத பழைய பாணி பேண்டுகள்ல வாசிச்சே காலம் போச்சு, 1963ல 44 வயசுல ரத்தப் புற்றுநோய்ல இறந்துட்டாரு. பில்லி ஹாலிடே பாடுன "லேடி சிங்ஸ் த ப்ளூஸ்" இவரு போட்ட ட்யூன்தான், பாட்டு தெரிஞ்ச அளவுக்கு இவரத் தெரிஞ்சவங்க இல்ல. எனக்கு அத நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கும்.

தெரிஞ்ச ட்யூன வாசிச்சாலாவது நாலு பேரு ரசிப்பாங்க, தெரியாதத எதுக்கு மெனக்கெட்டு படிக்கணும்?

ரெண்டு காரணம் மக்கா. தெரிஞ்ச ட்யூனுக்கு யூடியூப்ல ஆயிரம் டுடோரியல் கிடக்கு, எந்த விரல எங்க வைக்கணும்னு லைட் எரியுற மாதிரி காட்டிருவான், நீங்க கைய மட்டும்தான் அனுப்புவீங்க, காது வீட்லயே கிடக்கும். தெரியாத ட்யூனுக்கு அது கிடையாது, நீங்களே உக்காந்து கேட்டு எடுக்கணும், அந்த கேக்குறதுலதான் ஜாஸே இருக்கு. ரெண்டாவது, உங்க வாசிப்ப ஒப்பிட ஆள் இல்ல. "அவரு வாசிச்ச மாதிரி இல்லயே"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ட்யூன் நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுவாங்க. எங்க அம்மாவுக்கு ஜாஸ்னா என்னன்னே தெரியாது, ஆனா நான் "லோட்டஸ் ப்ளாசம்" வாசிக்கும்போது சாயா போட்டுட்டு இருந்தவங்க வந்து கதவுல சாஞ்சு நின்னு கேட்டாங்க.

முதல்ல எந்த ட்யூன்?

அதே "லோட்டஸ் ப்ளாசம்". பில்லி ஸ்ட்ரேஹார்ன் போட்டது, மூணு தாளத்துல போற வால்ஸ், மெதுவா போகும், நம்ம ஞானப்பாட்டுல மூணு தாளம் வாசிச்சு பழகுன கைக்கு அந்நியமா இருக்காது. ஸ்ட்ரேஹார்ன் 1967 மே மாசம் இறந்தாரு, அந்த வருஷமே பேண்ட் தலைவர் ட்யூக் எலிங்டன் அவரு நினைவா ஒரு ஆல்பம் பண்ணினாரு, செஷன் முடிஞ்சு எல்லாரும் கருவிய எடுத்து பெட்டியில வைக்குற நேரம் எலிங்டன் மட்டும் பியானோவ விட்டு எழும்பாம இந்த ட்யூன வாசிக்காரு, பின்னால ஆள் நடமாட்டமும் பேச்சு சத்தமும் ரெக்கார்டிங்லயே கேக்கும். அத ஒரு தடவ ஹெட்போன்ல கேளுங்க, பிறகு நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, இதே பேர்ல கென்னி டோர்ஹாமுக்கும் ஒரு ட்யூன் உண்டு, அது வேற, வேகமா போகும். ஜாஸ்ல இங்கன பேர்க் குழப்பம் நிறைய. டாமரன் போட்ட "சோல்ட்ரேன்" கேக்கணும்னு சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோட "சோல்ட்ரேன்" ஆல்பத்துல தேடுனா கிடைக்காது, அது 1956ல ரெண்டு பேரும் சேந்து பண்ணுன "மேட்டிங் கால்" ஆல்பத்துல இருக்கு. தேடும்போது ட்யூன் பேரோட போட்டவர் பேரையும் சேத்து அடிங்க.

ரெண்டாவது, ஹோரஸ் சில்வரோட "பீஸ்", 1959. இது பத்தே பார்தான் (பார்னா தாளத்தோட ஒரு சுற்று). நமக்கு எல்லாமே எட்டு எட்டா எண்ணி பழக்கம், அதனால ஒன்பதாவது பார்ல கை தானா முதலுக்கு ஓடிரும், இல்லன்னா ரெண்டு பார் சும்மா கூட்டி பன்னெண்டாக்கிரும். ஒரு வாரம் மெலடிய மட்டும் பாடிட்டே விரல் விட்டு எண்ணுங்க, செரியாயிரும்.

மூணாவது டாமரனோட "இஃப் யூ குட் சீ மீ நவ்" இல்லன்னா சானி கிளார்க்கோட "மெலடி ஃபார் சி". நிக்கல்ஸோட "ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்டிங்" ஒரு வருஷம் கழிச்சு எடுங்க, கார்டு (சேத்து அமுக்குற நோட்டுகள்) எல்லாம் நாம நினைக்குற இடத்துக்குப் போகாது, ஆனா போன இடம் அவ்வளவு அழகா இருக்கும்.

கோட்டாறு, முட்டம் பக்கத்துல உள்ள கத்தோலிக்கப் பசங்களுக்கு நான் எப்பவும் சொல்லுறது மேரி லூ வில்லியம்ஸ். 1945ல பன்னெண்டு ராசிக்கும் ஒவ்வொண்ணா பீஸ் எழுதி "சோடியாக் ஸ்வீட்"னு போட்டாங்க. பிறகு 1957ல கத்தோலிக்க சபையில சேந்து, புனித மார்ட்டின் தெ போரஸ் மேல ஒரு ஸ்தோத்திரப் பாட்டு, பூசைக்கு இசைன்னு எழுதினாங்க, 1975ல நியூயார்க் செயின்ட் பேட்ரிக் பேராலயத்துலயே அவங்க எழுதின பூசை இசை நடந்துச்சு.

நொட்டேஷன் எங்கயும் கிடைக்கல. என்ன செய்ய?

கிடைக்காததுதான் நல்லது. 1970கள்ல பாஸ்டன்ல மாணவங்க கையால எழுதி நகல் எடுத்து வித்த "ரியல் புக்"ங்குற ஜாஸ் நொட்டேஷன் தொகுப்புல கூட தப்பு நிறைய, 2004ல உரிமை வாங்கி சட்டப்படி பதிப்பு வந்தபிறகுதான் பல ட்யூன் திருந்திச்சு. அதனால தாள் கிடைச்சாலும் காதால ஒருக்க சரிபாக்கணும்.

நான் எடுக்குற முறை இதுதான். முதல் மூணு நாள் பியானோ பக்கமே போகாதீங்க. பைக் ஓட்டும்போது இல்ல, வீட்ல உக்காந்து ட்யூன கேட்டு வாயால பாடுங்க, ரெக்கார்டிங் இல்லாமலே முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாட வரணும். பாட வராத ட்யூன் கையில வராது. நம்ம சபைகள்ல பழைய ஆட்கள் சோல்ஃபா வச்சு நாலு வாய்ஸும் படிப்பாங்க இல்லையா, டோ ரே மீன்னு, அது இதுக்கு தங்கம், உங்க வீட்ல தாத்தாவோ பெரியப்பாவோ சோல்ஃபா தெரிஞ்சவங்க இருந்தா அவங்ககிட்ட போய் உக்காருங்க. ஏன்னா சோல்ஃபால எந்த ஸ்கேலா இருந்தாலும் சுரத்தோட வேலை என்னன்னு தெரியும், ஜாஸ்ல வேணும்னதும் அதேதான். கர்நாடக சங்கீதம் படிச்சவங்க சரிகமல பாடுங்க, அதுவும் கொள்ளாம்.

அடுத்து பேஸ். ஃபோன் ஸ்பீக்கர்ல பேஸ் கேக்கவே கேக்காது, ஹெட்போன் கண்டிப்பா வேணும். ஒவ்வொரு பாரோட முதல் அடியிலயும் டபுள் பேஸ்காரர் என்ன தட்டுறாருன்னு மட்டும் பாடி எழுதுங்க, முக்காவாசி நேரம் அது கார்டோட ரூட்டாத்தான் (கார்டு தொடங்குற அடி சுரம்) இருக்கும். மெலடியும் பேஸும் கிடைச்சிட்டுன்னா நடுவுல மேஜரா மைனரா, செவன்த் (ரூட்ல இருந்து எண்ணினா ஏழாவது சுரம்) எதுன்னு ரெண்டு மூணு வாய்ப்புதான் மிச்சம், மாத்தி மாத்தி வச்சுப் பாருங்க, செரியானது வரும்போது காது சொல்லும். யூடியூப்ல வேகத்த பாதியாக்கினாலும் சுருதி மாறாது, அத உபயோகிங்க.

பழைய ரெக்கார்டிங்கோட சேந்து வாசிச்சா சுருதி சேரல, என் பியானோ கேடா?

இல்ல இல்ல. பழைய ரெக்கார்டும் டேப்பும் ஓடுற வேகம் கொஞ்சம் மாறினாலே சுருதி ஏறி இறங்கிரும். 1927ல பிக்ஸ் பைடர்பெக் தனியா பியானோல வாசிச்ச "இன் அ மிஸ்ட்" மாதிரி பழசுக்கு நான் எப்பவும் முதல்ல சுருதி பாத்துட்டுத்தான் உக்காருவேன் (அவரு கார்னெட்டுக்காரர், பியானோல அவ்வளவு தூரம் போனது அதிசயம்). டிஜிட்டல் பியானோவோட பெரிய லாபமே இங்கதான், ஃபங்ஷன் பட்டன பிடிச்சு ட்யூனிங்க வழக்கமான 440 ஹெர்ட்ஸ்ல இருந்து ஏத்தி இறக்கி அந்த ரெக்கார்டுக்கே சேத்துக்கலாம், நிஜ பியானோல இது நடக்காது. முடிஞ்ச உடனே திரும்ப 440க்கு வச்சிருங்க, மறந்துட்டு ஞாயித்துக்கிழமை சபைக்கு கொண்டு போனா மத்தவங்களோட சேராது.

லெஃப்ட் ஹேண்ட்ல என்ன வாசிக்கணும்? நான் முழு கார்டையும் பிடிச்சா கூழா இருக்கு.

கூழாத்தான் இருக்கும். நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழ போன பிறகு பக்கத்து பக்கத்து நோட்ட சேத்து அமுக்கினா எந்த பியானோலயும் கலங்கும், டிஜிட்டல்ல சின்ன ஸ்பீக்கர் வேற, இன்னும் மோசம். ரெண்டே நோட்டு போதும், ரூட்டும் செவன்த்தும், இல்லன்னா ரூட்டும் தேர்டும் (மூணாவது சுரம்).

ஏன் தேர்டும் செவன்த்தும்னு ஒருக்க வாசிச்சுப் பாத்தா புரியும். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன், ஜாஸ்ல பாதி இதுதான். டி மைனர் செவன்ல தேர்டு எஃப், செவன்த் சி. ஜி செவனுக்குப் போகும்போது எஃப் அப்படியே இருக்கும், சி மட்டும் அரை சுரம் இறங்கி பி ஆகும். சி மேஜர் செவனுக்கு போகும்போது பி அப்படியே இருக்கும், எஃப் அரை சுரம் இறங்கி இ ஆகும். ஒருத்தர் நிக்க ஒருத்தர் ஒரு படி இறங்க, அப்புறம் அவரு நிக்க இவரு இறங்க. கொயர்ல ஆல்டோவும் டெனரும் நகருற மாதிரியே. இந்த ரெண்டு வரிய நீங்க தனியா பாடிட்டே வாசிச்சீங்கன்னா கார்டு பேரே தேவையில்ல, ட்யூன் எங்க போகுதுன்னு உடம்புக்கு தெரியும்.

இது கையில படிஞ்ச பிறகு ரூட்ட விட்டுருங்க. டி மைனர் செவனுக்கு எஃப் ஏ சி இ, ஜி செவனுக்கு எஃப் ஏ பி இ, சி மேஜருக்கு இ ஜி பி டி, நடு சி-ய ஒட்டி வாசிங்க. நாலு விரலும் பெருசா நகரவே நகராது, சத்தம் மட்டும் முழுசா மாறிரும். முதல் தடவ எனக்கு இது வந்த ராத்திரி தூக்கம் வரல.

சபையில உள்ள 61 கீ கீபோர்டு போதுமா?

ட்யூன் எடுக்கப் போதும். ஆனா கீ லேசா ஸ்பிரிங் மாதிரி இருக்கும், மெலடிய சத்தமாவும் கூட வர்ற கார்ட மெல்லமாவும் ஒரே கையில வாசிக்க வராது, மெதுவான ட்யூனுக்கு அதுதான் உயிர்நாடி. முடியும்போது 88 கீ, வெயிட் உள்ள கீ இருக்குறதா வாங்குங்க.

எந்த மாடல்?

யமஹா பி 45 பழசு கிடைச்சா நல்ல தொடக்கம், 64 நோட் பாலிஃபோனி (ஒரே நேரத்துல எத்தன நோட்டு ஒலிக்கும்ங்குற கணக்கு). ரோலண்ட் எஃப்பி 10ல 96, கீ மேல லேசா சொரசொரப்பு இருக்கும், நம்ம ஊரு வேர்வைக் கைக்கு வழுக்காது, மெல்லமா வாசிக்கும்போதும் நல்லா கேக்கும், எனக்கு அதுதான் இஷ்டம். காசு இருந்தா எஃப்பி 30 எக்ஸ், அதுல 256. இதுல எதுவுமே ஒரு ஆள் தூக்கிட்டு போற எடைதான். பெட்டிய பாத்து வாங்காதீங்க, விரல் வச்சு பாத்து வாங்குங்க, அதுக்காக திருவனந்தபுரம் வரைக்கும் பஸ் ஏறினாலும் அந்த ஒரு நாள் வீண் போகாது. கடையில போய் வேகமா வாசிச்சுக் காட்டாதீங்க, ஒரே நோட்ட எவ்வளவு மெல்லமா தட்டினா சத்தம் வருதுன்னு பாருங்க.

பாலிஃபோனி 64ன்னா நோட் பாதியில நின்னுருமா?

பெடல முழுசா அமுக்கிட்டே போனா நிக்கும், ஸ்டீரியோ சவுண்டுல ஒரு நோட்டுக்கே ரெண்டு எண்ணிக்கை போகும். கார்டு மாறும்போதெல்லாம் பெடல எடுத்து வச்சா பிரச்சனையே வராது.

பெடல் பத்தியும் சொல்லிர்றேன், கூட குடுக்குற சின்ன சதுரப் பெடல் தரையில வழுக்கி வழுக்கி போகும். பியானோ பெடல் மாதிரி உள்ள கனமானது தனியா வாங்குங்க, உங்க மாடல் பாதி அமுக்குறத எடுக்குமான்னு பாத்து வாங்குங்க.

ஸ்கேல் மாத்துற டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கே, எல்லாத்தையும் சி-லயே வாசிச்சா என்ன?

சபையில பாடுற ஆளுக்கு ஸ்கேல் மாத்த உபயோகிங்க, தப்பில்ல. ட்யூன் படிக்கும்போது வேண்டாம். காது ஒண்ணு கேக்கும் விரல் வேற ஒண்ணு அமுக்கும், ரெண்டும் பிரிஞ்சு போகும்.

ஸ்விங் (ஜாஸோட அந்த சாஞ்சு ஆடுற தாளம்) வரல. தாளம் மார்ச் பாஸ்ட் மாதிரி இருக்கு.

தாளம் தட்டுற மெட்ரோனோம நிமிஷத்துக்கு 50ல வைங்க, அந்த தட்ட ஒண்ணுன்னு எண்ணாம ரெண்டு, நாலுன்னு எண்ணுங்க, ஒண்ணும் மூணும் நீங்க மனசுல போடணும், அப்போ உண்மையான வேகம் 100. முதல் நாள் திண்டாடும், ஒரு வாரத்துல ஏறிரும். மெதுவான ட்யூன்ல எட்டாம் நோட்டு (ஒரு அடிக்கு ரெண்டா வர்றது) நல்லா சாஞ்சு வரும், முதலாவது நீளமா ரெண்டாவது குறுகலா, வேகம் கூடக்கூட கிட்டத்தட்ட சமமாயிரும், எல்லாத்துலயும் ஒரே அளவு சாச்சா பொய்யா கேக்கும்.

இம்ப்ரவைஸ் பண்ண (அந்த நேரத்துலயே சொந்தமா கற்பனை பண்ணி வாசிக்க) தெரியாது, வாசிக்கலாமா?

தாராளமா. முதல் தடவ மெலடி அப்படியே. ரெண்டாவது தடவ அதே மெலடிய தாமதமா தொடங்குங்க, ரெண்டு நோட்ட விட்டுருங்க, கடைசி நோட்ட கொஞ்சம் சீக்கிரமா கொண்டு வாங்க. அம்புட்டுதான். நல்ல ட்யூனுக்கு மேல ஸ்கேல் ஓட்டுறது எனக்குப் பிடிக்காது, அந்த மனுஷன் கஷ்டப்பட்டு கண்டுபிடிச்ச வரிய ஒரு மூலையில தள்ளிட்டு நம்ம விரல் வேகத்த காட்டுறதுல என்ன இருக்கு.

நம்ம ஊரு மழை, இடி, உப்புக்காத்து இதெல்லாம் தாங்குமா?

நிஜ பியானோவ விட நல்லா தாங்கும். நமக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை, மரப் பியானோ ஈரத்துல ஊதி சுருதி போயிரும், ட்யூன் பண்ண ஆள் பக்கத்துல கிடைக்கவும் மாட்டாங்க. டிஜிட்டலுக்கு எதிரி இடிதான். ஐப்பசி மாசம் ஒரு சாயங்காலம் நான் பிளக்க உருவாம கடைக்கு போயிட்டேன், திரும்பி வந்தா அடாப்டர் போச்சு. உள்ள போர்டு தப்பிச்சது தெய்வாதீனம். மேகம் கறுக்கும்போதே சுவிட்ச அணைச்சா போதாது, பிளக்கயே உருவிரணும். புது அடாப்டர் வாங்கும்போது வோல்டேஜும் பிளஸ் மைனஸும் பழசு மேல எழுதியிருக்குற மாதிரியே பாத்து வாங்குங்க, குத்துனா உள்ள போகுதுன்னு வாங்காதீங்க. கடலோரத்துல குளச்சல், மணக்குடி பக்கம் உள்ளவங்க வாசிச்சு முடிச்ச உடனே துணி போட்டு மூடுங்க, ஜன்னல் பக்கத்துல வைக்காதீங்க, ஜாக் துளைகள்லதான் முதல்ல துரு பிடிக்கும்.

இந்த ட்யூன்கள சபையில வாசிக்கலாமா?

ஆராதனைக்கு நடுவுல போதகர்ட்ட கேக்காம வாசிக்காதீங்க, அது மரியாதை. எங்க சபையில ஆராதனை தொடங்குறதுக்கு முன்னால ஆள் வந்து உக்காருற அஞ்சு நிமிஷம் நான் "பீஸ்" வாசிப்பேன், அமைதியா போகும், ஒருத்தரும் முகம் சுளிச்சது கிடையாது. முதியவர் ஒருத்தர் இது எந்தப் பாமாலைன்னு கேட்டாரு, சொன்னேன், அடுத்த வாரமும் வாசிக்கச் சொன்னாரு.

ஜாஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு வீட்ல கேக்காங்க.

டெடி வெதர்ஃபோர்டுன்னு ஒரு அமெரிக்கப் பியானோக்காரர், 1930கள்ல பம்பாய் தாஜ் ஹோட்டல்ல வாசிச்சாரு, பிறகு கல்கத்தா கிராண்ட் ஹோட்டல்ல பேண்ட் நடத்தினாரு, 1945ல கல்கத்தாவுலயே காலரா வந்து இறந்தாரு. இந்த இசை நம்ம நாட்டு மண்ணுல வாழ்ந்து செத்த ஆளுங்க வாசிச்சதுன்னு சொல்லுங்க.

வாசிச்சத நெட்ல போட்டா காப்பிரைட் வருமா?

இந்தியச் சட்டத்துல ட்யூன் போட்டவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு, மத்த நாட்டுல கணக்கு வேற. யூடியூப்ல சில நேரம் கிளெய்ம் வரும், பெரும்பாலும் விளம்பரக் காசு அவங்களுக்கு போகும், அவ்வளவுதான். ட்யூன் போட்டவர் பேர தலைப்புலயே எழுதுங்க, நிக்கல்ஸ் மாதிரி ஆளுங்களுக்கு உயிரோட இருக்கும்போது அது கூட ஒழுங்கா கிடைக்கல.

ரெக்கார்ட் பண்ண ஃபோன பியானோ பக்கத்துல வைக்காதீங்க, தவளை சத்தமும் பக்கத்து வீட்டு சீரியலும்தான் விழும். ஹெட்போன் ஜாக்ல இருந்தோ யூஎஸ்பில இருந்தோ நேரா எடுங்க.

ஒரு ட்யூனுக்கு எவ்வளவு நாள்?

எனக்கு ரெண்டுல இருந்து மூணு மாசம். தினமும் ராத்திரி ஒம்பதரைக்கு மேல, ஹெட்போன் போட்டு, நாப்பது நிமிஷம். இப்போ கையில இருக்குறது எல்மோ ஹோப்போட "டீ டா", ரெண்டாவது மாசம் போகுது, நடுவுல நாலு பார் பேஸ் இன்னும் செரியா பிடிபடல. பிடிபட்டவங்க இருந்தா சொல்லுங்க, சேந்து உக்காந்து பாப்போம்.